‘அஸெய்லன்ட்’ யாருடைய ஆள்? ஓர் ஆங்கிலச் சொல்லை முழுதாகப் பழக ஒரு வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் கோத்தகிரியில் ஒரு சின்ன வாரப் பத்திரிகைக்கு ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் வந்த செய்தி இது: எஸ்டேட் மேற்பார்வையாளர் ஒருவரை மாலை மங்கிய நேரத்தில் வழிமறித்து மூன்று பேர் அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள். ஆங்கிலத்தில் கடைசி வரி, அவரால் ‘ஹிஸ் அஸெய்லன்ட்ஸ்’ யாரென்று அடையாளம் காட்ட முடியவில்லை என்றிருந்தது. ‘ஹிஸ்’ என்றால் அவருடைய. ‘அஸெய்லன்ட்’ என்றால் அடிக்கிற ஆள். நான் யோசிக்காமல் ‘தன் அடியாட்களை அவரால் அடையாளம் காட்ட முடியவில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பத்திரிகை வந்த மறுநாள், தலையில் கட்டோடு அவரே வந்து நின்றார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. “சார், அடி வாங்கினது நானு. அடியாள் வெச்சிருக்கிறவனும் நானேவா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விட்டதில்லை. இப்போது மாலை வகுப்பில் ஹட்டி என்கிற படுகர் ஊர்ப் பிள்ளைகளுக்கும் எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் முழுதாக ஒரு வகுப்பு ஒதுக்குவேன். அந்த வகுப்பைத்தான் இங்கே எழுத்தில் தருகிறேன்.

முதல் படி: வாயும் கையும் பழகட்டும்

அஸெய்லன்ட். மூன்று அசை, அழுத்தம் நடுவில். முதல் ‘அ’வை லேசாகத் தொட்டுவிட்டு ‘ஸெய்’யில் ஊன்றுங்கள், ‘லன்ட்’ தானாக வந்து விழும். முதல் அசையில் அழுத்திவிட்டால் ஆங்கிலம் பேசுகிறவருக்குச் சட்டென்று பிடிபடாது.

நம் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம் ‘அஸைலன்ட்’ என்பது. அப்படிச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் ‘அஸைலம்’ காதில் விழும். அஸைலம் என்றால் அடைக்கலம், புகலிடம். அடித்தவனைச் சொல்லப் போய் அடைக்கலத்தில் முடியக் கூடாது அல்லவா? ‘ஸை’ வந்தால் அடைக்கலம், ‘ஸெய்’ வந்தால் அடி. இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகள் ஒன்பது: ஏ, எஸ், எஸ், ஏ, ஐ, எல், ஏ, என், டி. இரண்டு எஸ்ஸில் ஒன்றை விடுவது ஒரு தவறு, கடைசியில் ஏ-க்குப் பதில் ஈ போடுவது இன்னொன்று. ‘ஸ்டூடன்ட்’ ஈ-யில் முடிகிறதே, இது ஏன் ஏ என்று கேட்பார்கள். விடை சொல்லின் பிறப்பில் இருக்கிறது.

இரண்டாம் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

லத்தீனில் ‘ஸலீரே’ என்றொரு வினை. பொருள்: தாவு, குதி, பாய். அதன் முன் ‘அட்’ என்ற முன்னொட்டு. பொருள்: நோக்கி, மேல். இரண்டும் சேர்ந்தால் ‘ஒருவர் மேல் பாய்’. சேரும்போது ‘ட்’ என்ற ஒலி அடுத்து வரும் ‘ஸ்’ஸோடு ஒத்துப்போய்த் தானும் ‘ஸ்’ ஆகிவிட்டது. கல்லும் சிலையும் சேர்ந்தால் கற்சிலை என்று ‘ல்’ மாறுகிறதே, அந்த மாதிரித் திரிபுதான். இரண்டு எஸ் வந்த கதை இது. ஒன்று ‘அட்’டின் மிச்சம், மற்றது ‘ஸலீரே’யின் தலை. இது தெரிந்தவர் ஓர் எஸ்ஸை விடவே மாட்டார்.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கே தாக்கு என்ற பொருளில் நிலைத்து, 1200 வாக்கில் ‘அஸெய்ல்’ என்ற வினையாக ஆங்கிலத்தில் இறங்கியது. ‘அஸெய்லன்ட்’ என்ற பெயர் வந்தது 16-ஆம் நூற்றாண்டில். வினைக்கும் பெயருக்கும் நடுவே சுமார் 300 வருட இடைவெளி.

வாலில் இருக்கும் ‘அன்ட்’ பிரெஞ்சுக்காரர்களின் எச்ச விகுதி. ‘பாய்கின்ற’ என்பது போல. பாய்கின்ற என்ற எச்சத்திலிருந்து நாம் பாய்கின்றவர் என்று வினையாலணையும் பெயர் செய்கிறோம். அஸெய்லன்ட்டும் அதே வகையில் ‘மேலே பாய்கின்றவர்’ ஆகிறது. ஸர்வன்ட், டிஃபென்டன்ட் எல்லாம் இதே வார்ப்பு. பிரெஞ்சில் இந்த எச்சம் எந்த வினையானாலும் ஏ போட்டுத்தான் முடியும். ஸ்டூடன்ட் லத்தீன் எச்சத்தின் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டது, அதனால் அங்கே ஈ.

கொஞ்சம் நின்று தமிழைப் பாருங்கள். ‘புலி பாய்ந்தது’ என்கிறோம். ‘சும்மா இருந்தவன் மேல பாய்ஞ்சுட்டான்’ என்கிறோம். ‘ஏன் என் மேல பாயறே?’ என்று வீட்டில் கேட்கும்போது யாரும் கை ஓங்கியிருக்க மாட்டார்கள், வாய்ச்சண்டைதான். உடலால் தாக்குவதற்கும் சொல்லால் தாக்குவதற்கும் ஒரே ‘பாய்’. ஆங்கிலத்திலும் அதே கதை. ‘அஸெய்ல்’ என்றால் அடிப்பதும் ஆகும், கடுமையாக விமர்சிப்பதும் ஆகும். லத்தீன்காரருக்கும் நமக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அடிபட்டவன் கண்ணுக்கு அடிக்க வந்தவன் எல்லா ஊரிலும் பாய்ந்துதான் வந்திருக்கிறான்.

மூன்றாம் படி: உறவுக்காரர்களும் உறவு என்று பொய் சொல்பவர்களும்

‘ஸலீரே’ குடும்பம் பெரியது. அஸால்ட் உடன்பிறப்பு. இன்ஸல்ட்டும் முதலில் மேலே பாய்வதுதான், இப்போது அவமதிப்போடு நின்றுவிட்டது. ரிசல்ட் என்றால் திரும்பத் துள்ளி வருவது. சுவரில் அடித்த பந்து திரும்புகிற மாதிரி, செய்ததன் பலன் நம்மிடமே வருகிறது. தேர்வு ரிசல்ட் நாளில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முறைப்பார்கள். விழுந்தாலும் மீண்டு எழுகிறவரைச் சொல்லும் ரெஸிலியன்ட்டும் இந்தக் குடும்பமே. ஸோமர்ஸால்ட் என்றால் குட்டிக்கரணம். பர்லியாறு பக்கம் குரங்குகள் காட்டும் வித்தை. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு துள்ளல் ஒளிந்திருக்கிறது.

உறவில்லாதவை: கப்பல் பாயைக் குறிக்கும் ஸெய்ல், உப்பைக் குறிக்கும் ஸால்ட், சம்பளமான ஸாலரி. ஒலி ஒன்று, வேர் வேறு. ‘அஸாஸின்’ என்ற சொல்லும் இந்தக் குடும்பம் இல்லை. அது அரபியிலிருந்து, சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போனது.

நான்காம் படி: யாருடைய அஸெய்லன்ட்?

நான் சறுக்கிய இடம் இது. இதில் அவசரப்படாதீர்கள்.

காந்தியை எடுத்துக்கொள்வோம். 1934-இல் ஹரிஜன யாத்திரையின்போது குன்னூரில் வந்து தங்கியிருந்தார், அதனால் இங்கே எல்லோருக்கும் அவர் கொஞ்சம் நம்ம ஊர்க்காரர். அதற்கு வெகு முன்பு, 1908 பிப்ரவரி 10 அன்று, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் தெருவில் அவரைச் சிலர் தாக்கினார்கள். அரசோடு செய்துகொண்ட சமரசப்படி, அங்கிருந்த இந்தியர்கள் அரசிடம் செய்துகொள்ள வேண்டிய பெயர்ப் பதிவுக்காகப் போய்க்கொண்டிருந்தார் காந்தி. அந்தச் சமரசம் தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைத்த மீர் ஆலம் என்பவர் கூட்டாளிகளோடு வழியில் மடக்கி அடித்தார். காந்தி மயங்கி விழுந்தார். நினைவு திரும்பியதும் மீர் ஆலமை விடுவிக்கச் சொன்னார்.

இந்த மீர் ஆலமை ஆங்கிலத்தில் ‘காந்தீஸ் அஸெய்லன்ட்’ என்று எழுதலாம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘காந்தியின் அடியாள்’! எவ்வளவு பெரிய விபரீதம் என்று உங்களுக்கே தெரிகிறது. என் எஸ்டேட்காரர் விஷயத்தில் எனக்குத் தெரியாமல் போனது, பெயர் பெரிதாக இல்லாததால்தான்.

ஆங்கிலத்தில் இந்த ‘உடைய’ உரிமையைக் காட்டுவதில்லை. அடி யார் மேல் விழுந்தது என்பதைக் காட்டுகிறது. அஸெய்லன்ட்டுக்கு முன்னால் வரும் பெயர் எப்போதும் தாக்கப்பட்டவர் பெயர். தமிழ் இலக்கணத்தில் சொன்னால், ஆறாம் வேற்றுமை உடை போட்டுக்கொண்டு இரண்டாம் வேற்றுமை நிற்கிறது. எனவே தமிழில் எழுதும்போது ‘உடைய’வை எடுத்துவிட்டு ‘ஐ’ போடுங்கள்:

காந்தீஸ் அஸெய்லன்ட்: காந்தியைத் தாக்கியவர்.
ஹெர் அஸெய்லன்ட்: அவளைத் தாக்கியவன்.
ஹிஸ் அஸெய்லன்ட்ஸ்: அவரைத் தாக்கியவர்கள்.
மை அஸெய்லன்ட்: என்னைத் தாக்கியவன்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அஸெய்லன்ட் என்ற சொல்லே அடிபட்டவர் பக்கம் நின்று பார்க்கிற சொல். அடித்தவன் தன்னைப் பற்றிப் பேசும்போது ‘நான் அவனுடைய அஸெய்லன்ட்’ என்று சொல்லிக்கொள்ள மாட்டான். யார் மேல் பாய்ந்தார்களோ அவர் இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. ஆகவே தமிழ் வாக்கியத்தில் ‘யாரை’ என்பது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுமனே ‘தாக்குதல்காரர்’ என்று எழுதினால் அது ஏதோ உத்தியோகப் பெயர் மாதிரி இருக்கிறது.

நம் செய்தித்தாள்களுக்குப் பிடித்த ‘மர்ம நபர்’ பற்றி ஒரு வார்த்தை. ‘அன்ஐடென்டிஃபைட் அஸெய்லன்ட்’ என்று வந்தால் ‘அடையாளம் தெரியாத ஒருவர் தாக்கினார்’ என்று எழுதினால் போதும். அவரிடம் மர்மம் ஒன்றும் இல்லை. போலீசுக்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தெடுங்கள்

அட்டாக்கர் பொதுச்சொல். கால்பந்தில் முன்னால் ஓடி ஆடுகிறவரும் அட்டாக்கர், கணினிக்குள் புகுந்து திருடுகிறவரும் அட்டாக்கர். இந்த இரண்டு இடத்திலும் அஸெய்லன்ட் பொருந்தாது. குன்னூர் மைதானத்தில் கோல் போட்ட பையனை அஸெய்லன்ட் என்றால் யாரையோ உதைத்துவிட்டான் என்று ஆகிவிடும். சுவாரசியத்துக்கு ஒன்று: ‘ஒட்டு, இணை’ என்ற பொருள் தரும் அட்டாச்சும் இந்த அட்டாக்கும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அக்ரெஸரில் பாய்ச்சல் இல்லை, நடை இருக்கிறது. ‘அடி எடுத்து முன்னே வை’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. சண்டையை யார் தொடங்கியது என்று கேட்கும்போது இந்தச் சொல் வேண்டும். நாடுகளுக்கு இடையிலான போரிலும் இதுதான். மார்க்கெட்டில் இரண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள். முதலில் சட்டையைப் பிடித்தவர் அக்ரெஸர்.

அஸாஸின், அரசியல் காரணத்துக்காகவோ கூலிக்காகவோ பிரமுகரைக் கொல்கிறவர். மீர் ஆலம் அஸெய்லன்ட். 1948 ஜனவரி 30-இல் காந்தியைச் சுட்ட நாதுராம் கோட்சே அஸாஸின். வித்தியாசம் புரிய இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

பையிலிருந்து பணத்தை நைசாக எடுத்தவர் அஸெய்லன்ட் இல்லை, திருடர்தான். கத்தியைக் காட்டி மேலே விழுந்து பறித்தவரை அப்படிச் சொல்லலாம். கைது செய்யப்பட்டவரை எடுத்த எடுப்பில் அஸெய்லன்ட் என்று எழுதிவிடாதீர்கள். தாக்கிய ஒருவர் இருக்கிறார் என்பது உறுதி, பிடிபட்டவர்தான் அவரா என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். அதுவரை அவர் ‘அக்யூஸ்ட்’, குற்றம் சாட்டப்பட்டவர்.

பேச்சு வழக்கில் இந்தச் சொல் அபூர்வம். செய்தி, போலீஸ் அறிக்கை, நீதிமன்றம், சரித்திர நூல் இவைதான் அது புழங்கும் இடம். குன்னூருக்குப் பக்கத்தில் பக்காசூரன் மலைக்கோட்டை இருக்கிறது, திப்பு சுல்தான் காலத்தில் காவல் அரணாக இருந்த இடம். இன்று இடிந்த சுவர்தான் மிச்சம். அந்த மாதிரிக் கோட்டையை நோக்கி ஏறி வரும் படையைப் பழைய ஆங்கில நடையில் ‘தி அஸெய்லன்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். மேலேயிருந்து காப்பவர்கள் டிஃபென்டர்ஸ். நண்பனிடம் நடந்ததைச் சொல்லும்போது ‘என்னை அடிச்சவன்’ என்பதற்கு எளிய ஆங்கிலமே போதும். இந்தச் சொல்லை அங்கே இழுத்தால் கோர்ட்டில் சாட்சி சொல்வது போல இருக்கும்.

ஆறாம் படி: சட்டத்தில் ஒரு தலைகீழ்

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 100-ஆவது பிரிவு, தற்காப்பு உரிமை எப்போது எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் செல்லும் என்பதைச் சொன்னது. அந்தப் பிரிவின் ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 38-ஆவது பிரிவு. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாகவே அஞ்சத்தக்க தாக்குதல் போன்ற சில சூழல்களில் ‘அஸெய்லன்ட்’டுக்கு மரணமே விளைவித்தாலும் அது தற்காப்பு என்கிறது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிரிவில் செத்துக் கிடப்பவர்தான் அஸெய்லன்ட். உயிரோடு நிற்பவர், கையில் ரத்தத்தோடு நிற்பவர், தாக்கப்பட்டவர். யார் விழுந்தார்கள் என்பதை வைத்து இந்தச் சொல்லைப் போடக் கூடாது, யார் பாய்ந்தார்கள் என்பதுதான் கணக்கு. மொழிபெயர்க்கும்போது ‘கொலையாளி’ என்று எழுதிவிட்டால் வழக்கே தலைகீழாகிவிடும்.

அதே சட்டத்தில் ‘அஸால்ட்’ என்பதற்குத் தொடுதல்கூடத் தேவையில்லை. பழைய சட்டத்தில் 351-ஆவது பிரிவு, புதியதில் 130-ஆவது. அடிக்கப்போகிறேன் என்று மற்றவர் அஞ்சும்படி கை முட்டியை ஓங்கினாலே போதும். கடிநாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்கினாலும் போதும். வெறும் வார்த்தை மட்டும் அஸால்ட் ஆகாது. ஆக, அன்றாட ஆங்கிலத்தில் சொல்லாலும் பாயலாம், சட்டத்தில் சைகையாவது வேண்டும்.

ஏழாம் படி: குடும்பத்தின் மற்ற இரண்டு பேரையும் பயன்படுத்துங்கள்

விளையாட்டுப் பக்கம் படிக்கிறவர்களுக்கு ‘அன்அஸெய்லபிள் லீட்’ பழக்கம்தான். பாய்ந்து பிடிக்க முடியாத முன்னிலை. ஐந்து ஆட்டத் தொடரில் 3-0 ஆனால் அன்அஸெய்லபிள். மிச்சம் இரண்டையும் எதிரணி ஜெயித்தாலும் தொடர் கைவிட்டுப் போகாது. 2-0 என்றால் இன்னும் இல்லை. ‘பெரிய முன்னிலை’ என்று நினைத்து இதைப் போடுகிறவர்கள் உண்டு, அது தவறு. அசைக்க முடியாத முன்னிலை என்ற தமிழ் சரியாகப் பொருந்துகிறது.

‘அஸெய்ல்’ என்ற வினை உடம்பை விட்டு வெளியேயும் போகும். சந்தேகங்கள் மனசை அஸெய்ல் செய்யும். வாசனையும் செய்யும், ஆனால் ஒரு நிபந்தனை: அது நம்மைத் தொந்தரவு செய்கிற வாசனையாக இருக்க வேண்டும். தைலம் காய்ச்சுகிற கொட்டகைக்குள் நுழைந்ததும் மூக்கில் அறைகிறதே யூகலிப்டஸ் நெடி, அதற்குப் போடலாம். அடுப்பிலிருந்து இறக்கிய வர்க்கி பிஸ்கட்டின் வாசனைக்குப் போடாதீர்கள். வர்க்கி யார் மேலும் பாய்ந்ததில்லை, நாம்தான் அதன் மேல் பாய்கிறோம்.

எட்டாம் படி: எழுதிப் பாருங்கள்

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி சின்னது. அன்றைய ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு தாக்குதல் செய்தியை எடுங்கள். அஸெய்லன்ட் வரும் இடத்தைக் கோடிடுங்கள். முதல் கேள்வி: யாரைத் தாக்கியவர்? விடையை ‘ஐ’ போட்டு எழுதுங்கள். இரண்டாவது: தாக்கினார் என்பது தெரிந்த செய்தியா, சந்தேகமா? சந்தேகம் என்றால் ‘தாக்கியதாகக் கூறப்படுபவர்’. மூன்றாவது: இதே இடத்தில் அட்டாக்கர், அக்ரெஸர், அஸாஸின் மூன்றையும் வைத்துப் பார்த்தால் பொருள் எப்படி மாறுகிறது? பத்துச் செய்திக்கு இதைச் செய்தால் சொல் கையோடு வந்துவிடும்.

மிருகங்களுக்கு இதைப் போடலாமா என்று இங்கே கட்டாயம் கேட்பார்கள். எங்கள் மலையில் கரடியும் காட்டெருமையும் சிறுத்தையும் இல்லாமல் ஒரு வாரம் போகாது. கூடலூர்ப் பக்கம் என்றால் யானை. பொதுவாக வேண்டாம். அஸெய்லன்ட் மனிதருக்கான சொல். கரடி தாக்கியதை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பேர் அட்டாக்’ என்றே எழுதுகின்றன. கரடியை அஸெய்லன்ட் என்றால் அதன் மேல் வழக்குப் போடப் போகிறோமோ என்று சிரிப்பு வரும். வேண்டுமென்றே சிரிப்பு வர எழுதலாம், அது வேறு.

போன மழைக்காலத்தில் இதைச் சொல்லி முடித்தபோது கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் கை தூக்கினான். அவன் ஹட்டியில் கோயில் விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடிக்கக் கரடி வந்ததாம். அது யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அவன் பாட்டிதான் விறகுக் கட்டையோடு ஓடிப்போய் அதன் முதுகில் ஒரு போடு போட்டிருக்கிறார். கரடி எண்ணெய்க் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஒரே ஓட்டம்.

“அப்ப ‘தி பேர்ஸ் அஸெய்லன்ட்’ எங்க பாட்டி. சரிதானே சார்?”

கரடியைத் தாக்கியவர். ‘ஐ’ சரியாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.